ஐவகைச் சுவாத்தியாயமும் மருத்துவ மாணவரின் முதலாண்டும்

ஈராண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்தில் ஒரு நாள் இரவு என் தங்கையின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து அவளுக்கு மூன்று திங்களே ஆகியிருந்தன. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பள்ளியின் முதல் வரிசையில் நின்றவள்; நீட் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றவள். அவள் சொன்னது இது: "பாட்டி, முதல் உள்தேர்வில் மூன்று பாடத்திலும் தவறிவிட்டேன். இரவு இரண்டு மணி வரை படிக்கிறேன். எதுவும் நிற்கவில்லை. நான் ஊருக்கே வந்துவிடுகிறேன்."

எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன். "நீங்கள் சொன்னபடிதான். புரியும் வரை திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்" என்றாள். அந்த மறுமொழி என்னைச் சுட்டது. கோடை விடுமுறைகளில் அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, "பத்து முறை படி, தானே வரும்" என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பள்ளிப் பாடத்திற்குப் போதுமாக இருந்த அம்முறை மருத்துவப் பாடத்தின் முன் முறிந்து போயிற்று.

நம் சமணக் குடும்பங்களிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி, அவளும் நானும் அதன்பின் கற்றுக் கொண்டவற்றை இங்கு ஒரு பாடமாக எழுதுகிறேன்.

1. சுமை எத்தகையது?

எம்.பி.பி.எஸ். முதலாண்டின் முதன்மைப் பாடங்கள் மூன்று. உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்பன அவை. மாணவர்கள் இவற்றை அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்றே வழங்குவர். உடற்கூற்றியலுக்குள்ளேயே திசுவியலும் கருவியலும் அடங்கியுள்ளன. 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி முதலாண்டிலேயே நோயாளிகளைக் காணும் வாய்ப்பும், மருத்துவ அறநெறி பற்றிய வகுப்புகளும் சேர்ந்துள்ளன. பல்கலைக்கழகத் தேர்வு எழுத வேண்டுமாயின் எழுத்துப்பாட வகுப்புகளில் 75 விழுக்காடும் செய்முறை வகுப்புகளில் 80 விழுக்காடும் வருகை வேண்டும். ஆகவே, வகுப்பை விட்டுவிட்டு அறையில் அமர்ந்து படிக்கலாம் என்பதற்கு இடமில்லை.

அளவைக் காட்டிலும் பெரிய இடர் ஒன்று உண்டு. மூன்று பாடங்களும் மூன்று வகையான உழைப்பைக் கேட்கின்றன. உடற்கூற்றியல் கண்ணுக்குரியது, 206 எலும்புகளும் அவற்றைப் பற்றிய தசைகளும் நரம்புகளும் எங்கெங்கு உள்ளன என்பதை மனத்தில் படமாகக் காண வேண்டும். உடலியங்கியல் காரணத்திற்குரியது, இது நிகழ்ந்தால் அது ஏன் நிகழ்கிறது என்று கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும். உயிர்வேதியியல் வரிசைக்குரியது, ஒரு பொருள் எந்தெந்தப் படிகளைக் கடந்து மற்றொன்றாகிறது என்பதை முறை பிறழாமல் அறிய வேண்டும். மூன்றையும் ஒரே முறையில், கதைப் புத்தகம் போல முதலிலிருந்து கடைசி வரை வாசித்துச் செல்பவர் எத்துணை அறிவுடையவராயினும் களைத்துப் போவார்.

2. திரும்பத் திரும்ப வாசித்தல் ஏன் போதாது?

எபிங்காஸ் என்னும் செருமானிய அறிஞர் 1885-ஆம் ஆண்டில் மறதி பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். கற்றதில் மிகப் பெரும் பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதும், அதன்பின் மறதியின் வேகம் தணிகிறது என்பதும் அவர் கண்டவை. ஆசிரியப் பயிற்சியில் இதைப் படித்தேன், தேர்விலும் எழுதினேன். வகுப்பறைக்குள் வந்ததும் மறந்துவிட்டேன் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியை மாணவரில் சிலர் மீண்டும் வாசித்தனர். சிலர் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவரே சற்று முன் நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முன் நின்றனர். திரும்ப வாசிக்கும்போது எழுத்துகள் பழகிய முகங்களாகத் தோன்றுகின்றன. அப்பழக்கத்தை அறிவு என்று நாம் எண்ணிவிடுகிறோம். தேர்வறையில் அம்முகங்கள் இல்லாதபோதுதான் உண்மை புலனாகிறது. எங்கள் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே.

3. ஐவகைச் சுவாத்தியாயம்

இந்த நிலையில்தான் உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் என் நினைவுக்கு வந்தது. அங்கே அகத்தவங்களுள் ஒன்றாகிய சுவாத்தியாயம் ஐந்து வகையாகக் கூறப்படுகிறது. வாசனை, பிருச்சனை, அனுப்பிரேக்ஷை, ஆம்நாயம், தர்மோபதேசம் என்பன அவை. நம் திருக்கோயில்களில் நூல் வாசிக்கும்போது பெரியோர் இவற்றை விளக்கக் கேட்டிருக்கிறோம்.

சுவாத்தியாயம் ஆகமக் கல்விக்குச் சொல்லப்பட்டது. ஆன்ம நலனே அதன் பயன். தேர்வுக்குப் படிப்பது தவமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. முறையை மட்டுமே கடனாகப் பெறுகிறேன். திரும்ப வாசித்தல் இவ்வைந்தில் முதலாவதன் ஒரு பகுதி மட்டுமே என்பதையும், ஏனைய நான்கையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை என்பதையும் கவனித்தால் போதும்.

வாசனை: நூலையும் பொருளையும் பிழையின்றி ஓதுதலும் ஓதக் கேட்டலும் இது. மாணவருக்கு இது வகுப்பும் பாடநூலும் ஆகும். நாளை நடக்கவிருக்கும் பாடத்தின் தலைப்புகளையும் படங்களையும் முந்திய மாலையே பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சென்றால், வகுப்பில் கேட்பது இரண்டாம் முறை கேட்பதாகிவிடும். ஒரு பாடத்திற்கு ஒரு நூலே போதும். மூத்த மாணவர் சொன்னார் என்று ஒரே பொருளுக்கு மூன்று நூல்களைத் திறந்து வைப்பவர் ஒன்றையும் முடிப்பதில்லை.

பிருச்சனை: ஐயம் நீங்கவும் தெளிவு உறுதிப்படவும் கேட்டல். ஒவ்வொரு தலைப்பையும் வினாவாக மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன என்று நூல் சொல்கிறது. வெளியேறுவதோ ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். எஞ்சியது எங்கே போயிற்று? எவ்விடத்தில், எதனால் திரும்ப உறிஞ்சப்பட்டது? இந்த ஒரு வினாவைப் பிடித்துக்கொண்டால் சிறுநீரகப் பாடத்தின் பெரும் பகுதி தானே வரிசைப்படும். தன்னால் விடை காண இயலாத வினாவைக் குறித்து வைத்து ஆசிரியரிடம் கேட்க வேண்டும். அறியாமை வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி வாய் மூடியிருப்பது மானக் கஷாயத்தின் ஒரு வடிவம்.

அனுப்பிரேக்ஷை: அறிந்த பொருளை நூலின்றி மனத்தில் மீண்டும் மீண்டும் எண்ணுதல். மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டி ஆர நரம்பு செல்கிறது என்று படித்தாயிற்று. நூலை மூடு. அந்த எலும்பு நடுவில் முறிந்தால் என்ன ஆகும் என்று எண்ணு. நரம்பு பாதிக்கப்படலாம், மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகளுக்கு ஆணை செல்லாது, ஆகவே கை மணிக்கட்டில் தொங்கும். இப்போது அந்த நரம்பின் பாதை ஒரு மனிதனின் கையாகிவிட்டது. இனி எளிதில் மறக்காது. வெற்றுத்தாளை எடுத்து, பாராமல் வரைந்து, பின்பு நூலைத் திறந்து தவறுகளைச் சிவப்பு மையால் திருத்துவது இதற்கு ஏற்ற பயிற்சி. சிவப்பு மை மிகுதியாக இருந்தால் வருந்த வேண்டாம். நாளை எங்கே உழைக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

ஆம்நாயம்: ஒலிப் பிழையின்றி ஓதி உருப்போடுதல். மனப்பாடத்தை இழிவாகப் பேசுவது இக்கால வழக்கம். காரணம் காண இயலாத பெயர்த் தொகுதிகள் எல்லாக் கல்வியிலும் உண்டு. மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகள், மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகள் ஆகியவற்றை வாய்விட்டு ஓதத்தான் வேண்டும். நம் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஓதிய முறை அதுவே. ஓதுவதற்கு நாள்களின் இடைவெளி வேண்டும். இன்று, நாளை, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என்று தள்ளித் தள்ளி ஓதினால், ஒரே இரவில் ஐம்பது முறை ஓதுவதைவிடக் குறைந்த உழைப்பில் நீண்ட நாள் நிற்கும்.

தர்மோபதேசம்: பிறருக்கு எடுத்துரைத்தல். நம் பெண் ஞாயிறுதோறும் தன் தாத்தாவுக்குத் தொலைபேசியில் ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அவர் வந்தவாசிப் பக்கத்தில் பயிர் செய்பவர். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர். "இந்த மாத்திரை போட்டால் ஏனம்மா அடிக்கடி சிறுநீர் போகிறது?" என்று அவர் கேட்டார். அவள் தொடங்கினாள், நடுவில் நின்றாள். "தாத்தா, அந்த இடம் எனக்கே சரியாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றாள். அடுத்த வாரம் சொன்னாள். எளிய தமிழில் ஒரு வேளாளருக்கு விளக்க முடிந்ததை ஆங்கிலத்தில் தேர்வாளருக்கு எழுத அவள் பின்னர் அஞ்சவில்லை.

4. முப்பது முகூர்த்தங்கள்

முறை தெரிந்தால் மட்டும் போதாது, காலம் வேண்டும். நாம் சாமாயிகத்திற்குக் கொள்ளும் காலம் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். ஒரு நாள் என்பது 30 முகூர்த்தம். ஒருமித்த மனத்துடன் ஓரிடத்தில் அமர்வதற்கு 48 நிமிடம் பொருத்தமான அளவு என்பதைச் சாமாயிகம் பழகியவர் அறிவர். ஆகவே அதையே படிப்பின் அலகாகக் கொண்டு நாளைப் பகுத்தோம்.

கல்லூரி (காலை 8 முதல் மாலை 4 வரை): 10 முகூர்த்தம்
உறக்கம்: 9 முகூர்த்தம்
குளித்தல், உண்ணுதல், துணி துவைத்தல், நடை: 4 முகூர்த்தம்
படிப்பு: 5 முகூர்த்தம்
சாமாயிகம், ஜிநவந்தனை: 1 முகூர்த்தம்
விளையாட்டு, தோழியர், வீட்டாருடன் பேச்சு: 1 முகூர்த்தம்

படிப்பிற்குரிய 5 முகூர்த்தங்கள் நான்கு மணி நேரமே ஆகும். "இதென்ன பாட்டி, நான் எட்டு மணி நேரம் படிக்கிறேனே!" என்றாள் அவள். எட்டு மணி நேரத்தில் கைப்பேசி எத்தனை முறை கையில் ஏறுகிறது என்று ஒரு நாள் கோடிட்டு எண்ணச் சொன்னேன். மறுநாள் எண்ணிக்கையைச் சொல்ல மறுத்துவிட்டாள்; ஆனால், படிக்கும்போது கைப்பேசியைத் தோழியின் அலமாரியில் வைக்கத் தொடங்கினாள். ஐந்து முகூர்த்தங்களில் மூன்று, அன்று நடந்த மூன்று பாடங்களுக்கு. ஒன்று, பழையதை நினைவிலிருந்து எழுதிப் பார்க்க. ஒன்று, செய்முறை ஏடு எழுதவும் நாளைய பாடத்தை நோக்கவும். ஒரு முகூர்த்தம் முடிந்ததும் எழுந்து சற்று நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வார முழுமைக்கும் விடுபட்டதற்கு; மாலை முற்றும் ஓய்வுக்கு.

உறக்கத்தின் 9 முகூர்த்தங்களை எக்காரணம் கொண்டும் குறைக்கலாகாது. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்தவர், படித்ததைச் சேமிக்கும் நேரத்தையே செலவழித்துவிடுகிறார்.

5. விடுதியும் விரதமும்

நம் பிள்ளைகளுக்குப் பிறருக்கில்லாத ஓர் இடர் இரவு உண்ணாமை. விடுதிகளில் இரவு உணவு பெரும்பாலும் ஏழரை மணிக்கு மேல்தான். வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத கறி கிடைப்பதும் அரிது. எங்கள் பெண் முதல் மூன்று திங்களில் இரவு உணவைத் துறந்துவிட்டு, பிஸ்கோத்தைத் தின்று, நள்ளிரவு வரை படித்திருக்கிறாள். அது விரதமன்று, உடலை வருத்தியதே ஆகும்.

நம் தமிழகத்தில் ஞாயிறு மறையும் நேரம் பருவத்திற்கேற்ப ஏறத்தாழ மாலை 5.40 முதல் 6.45 வரை மாறுகிறது. வகுப்போ நான்கு மணிக்கு முடிகிறது. இடைப்பட்ட நேரத்தில் உண்ண வழி உண்டு. விடுதிக் காப்பாளரிடம் பெற்றோர் கையொப்பத்துடன் எழுத்தில் வேண்டினோம். மாலை ஐந்தரைக்குச் சோறும் பருப்பும் எடுத்து வைக்க உணவுக்கூடத்தார் இசைந்தனர். மாலையில் உண்டு முடித்துவிட்டதால் படிக்கும் நேரம் இடையறாது கிடைத்தது. பத்தரைக்கு உறங்கவும் முடிந்தது.

எல்லா விடுதியிலும் இது இயலாது. பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தியாகமும் ஆற்றலுக்கேற்ற தவமும் கூறப்பட்டிருப்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. எந்த விரதத்தை எவ்வளவு கொள்வது என்பதை மாணவரே தம் உடல்நிலை அறிந்து உறுதி செய்யட்டும். பருப்பு, பால், பழம், பேரீச்சை ஆகியவை குறையாமல் பார்த்துக்கொள்வதே வீட்டார் கடமை.

உடற்கூற்று அறையில் மனித உடலை முதன்முதல் காணும்போது நம் பிள்ளைகள் கலங்குவது இயல்பு. அவ்வுடல் இறந்தபின்னும் பிறருக்குக் கல்வி தரும் ஓர் ஆசிரியர் என்று எண்ணி, வணங்கித் தொடங்கினால் கை நடுங்காது. முன்பு உடலியங்கியல் ஆய்வகங்களில் தவளைகளைக் கொண்டு செய்த சோதனைகளுக்கு மாற்றாக இன்று கணினிப் பாவனைகள் வந்திருப்பதும் கொல்லாமை நோன்புடைய நமக்கு ஆறுதல் தருவதாகும்.

6. ஆர்த்த தியானம்

விரும்பியதை இழத்தலாலும், விரும்பாதது நேர்தலாலும், நோவாலும், இனி வரவேண்டும் என்னும் வேட்கையாலும் மனம் ஒன்றிலேயே உழல்வதை ஆர்த்த தியானம் என்பர். தேர்வு நாள்களில் நம் பிள்ளைகள் இந்நான்கிலும் ஒருங்கே அகப்படுகின்றனர். அதில் செலவாகும் முகூர்த்தங்களை எந்த அட்டவணையும் கணக்கிடுவதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை அழைத்தால் முதல் வினாவாக மதிப்பெண்ணைக் கேளாதீர். உண்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். இன்னார் மகனோடு ஒப்பிடாதீர். பிள்ளை பல நாள் உறங்காமலும் உண்ணாமலும் யாருடனும் பேசாமலும் இருந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்பது போலப் பேசினாலோ அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர். உடனே நேரில் சென்று பாருங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416. அதில் கட்டணமின்றிப் பேசலாம். அந்த மார்கழி இரவில் எங்கள் பெண் அழைத்தாள். அழைக்கத் தெரியாத பிள்ளைகளும் உண்டு.

7. முடிவுரை

இரண்டாம் உள்தேர்வில் அவள் உடலியங்கியலில் தேறினாள். உயிர்வேதியியலில் எல்லையில் நின்றாள். உடற்கூற்றியலில் மீண்டும் தவறினாள். அழவில்லை, சிவப்பு மைத் தாள்களை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பார்க்கப் போனாள். ஆண்டிறுதிப் பல்கலைக்கழகத் தேர்வில் மூன்றிலும் தேறினாள். பதக்கம் ஏதும் பெறவில்லை. இப்போது இரண்டாம் கட்டப் படிப்பில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குப் பாடம் சொல்வது மட்டும் நிற்கவில்லை.

தத்துவார்த்த சூத்திரம் அகத்தவங்கள் ஆறனை வரிசைப்படுத்தும்போது வையாவிருத்தியத்தை அடுத்துச் சுவாத்தியாயத்தை வைக்கிறது. வையாவிருத்தியமாவது நோயுற்ற அறவோர்க்குச் செய்யும் தொண்டு. தொண்டும் கல்வியும் அருகருகே நிற்கின்றன. நால்வகைத் தானத்துள் ஔஷத தானத்தை நம் முன்னோர் போற்றியதும் அறிவோம். மதிப்பெண்ணுக்காகப் படித்தாலும், ஒரு நாள் ஒரு நோயாளியின் கை நம் பிள்ளையின் கைக்குள் இருக்கும். அன்று நினைவில் நிற்பதே கற்றது எனப்படும்.

பயிற்சி

1. நேற்றுப் படித்த ஒரு பாடத்தை நூலைப் பாராமல் ஒரு பக்கம் எழுதுக. பின்னர் நூலைத் திறந்து சிவப்பு மையால் திருத்துக.
2. அப்பாடத்தின் ஐந்து தலைப்புகளை ஐந்து வினாக்களாக மாற்றுக.
3. உமது ஒரு நாளை 30 முகூர்த்தங்களாகப் பகுத்து, எது எங்கே செல்கிறது என்று ஒரு வாரம் குறித்து வருக.
4. மருத்துவம் அறியாத ஒருவருக்கு ஒரு பாடத்தைத் தமிழில் விளக்குக. எங்கே தடுமாறினீரோ அங்கே மீண்டும் தொடங்குக.
5. பெற்றோர்க்கு: இவ்வாரம் பிள்ளையுடன் பேசும்போது மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல் பேசிப் பார்க்க.

அருகன் திருவடி வாழ்க.